பேஸைக் கொஞ்சம் குறைங்க அங்கிள்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. அமெரிக்காவில் எங்கள் வெஸ்ட் வின்ட்சர் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்காகச் செயலாளர் ஜலஜா கேட்ட ஒரு பக்கம்.

"அன்வர் பாட்சா அங்கிளுக்கு லைஃப்டைம் அவார்ட் குடுக்கறோம் சார். இன்ஸ்பைரிங்கா ஒரு ரைட்-அப் வேணும்."

நாற்பது வருடமாக இதே ஊரில் இருந்துகொண்டு ரெகே இசை வாசிப்பவரைச் சங்கம் போன மாதம்தான் கண்டுபிடித்தது. ஓர் அமெரிக்கப் பத்திரிகை அவர் படத்தைப் போட்டிருந்தது.

2

என் முதல் வரி: "பொறியியல் மேற்படிப்புக்கு வந்த அன்வர் பாட்சா, நியூவார்க்கில் ஒரு ஜமைக்கா கிளப்பில் ரெகே கேட்டு, படிப்பைப் பாதியில் விட்டு..."

"பாதியில விட்டாருன்னு போடாதீங்க சார். பசங்க படிப்பாங்க" என்றார் ஜலஜா.

(பசங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.)

திருத்தினேன்: "படிப்பில் சிறு இடைவெளி எடுத்துக்கொண்டார்." இடைவெளி இன்னும் முடியவில்லை.

3

ஜமைக்காக்காரர்களின் குழுவில், அடிநாதம் எழுப்பும் பேஸ் கிட்டார். ஊர் ஊராக வேன் பயணம். சில இசைத்தட்டுகள்; எல்லா அட்டையிலும் அவர் பெயர் தப்புத் தப்பாக. பாடகர் இறந்தார், குழு கலைந்தது. அதன்பின் கூப்பிட்டவர்களுக்கெல்லாம் வாசித்தார்.

இதைக் கேட்டு எழுத அவர் வீட்டுக்குப் போனேன். பேசியது மனைவி நசீமாதான்.

"மூத்தவன் பொறந்தப்ப இவரு ஒஹாயோல வாசிச்சிட்டிருந்தாரு. நான் டேகேர்ல வேலை பாத்து வீட்டை ஓட்டினேன். இவரு கச்சேரிக்கு ஒருநாள்கூட நான் போனதில்ல. அதையும் எழுதுங்க."

பாட்சா தலை நிமிரவில்லை. "எழுதுங்க சார். கரெக்ட்தான்."

எழுதினேன். "ஃபேமிலி ஈவென்ட் சார்" என்று ஜலஜா வெட்டினார். மலரில் நசீமா 'அன்பான துணைவியார்' ஆனார்.

4

விழா, பள்ளி அரங்கம். பொன்னாடை, கேடயம், வாசிக்க ஒரே ஒரு பாட்டு. மற்ற வாத்தியங்கள் மடிக்கணினியிலிருந்து ஒலிக்க, பாட்சா தொடங்கினார். ஒலியைக் கவனித்துக்கொண்டிருந்த பத்ரி மைக்கில் சொன்னார்:

"பேஸைக் கொஞ்சம் குறைங்க அங்கிள், டம்மு டம்முன்னு இருக்கு."

பிறகு பத்ரியே குறைத்தார். ரெகேயில் பேஸை எடுத்துவிட்டால் மிஞ்சுவது... (இங்கே ஓர் உவமை இருந்தது. அடித்துவிட்டேன்.) ஒன்றும் மிஞ்சாது. மேடையில் ஒரு கிழவர் சத்தமில்லாமல் விரலை அசைத்துக்கொண்டிருந்தார்.

முன்வரிசையிலிருந்து நசீமா எழுந்தார். பத்ரியிடம் போனார்.

"தம்பி, இதுல அவரு சத்தம் எது?"

பத்ரி காட்டினார். நசீமா அந்தப் பொத்தானை மேலே, முட்டும்வரை தள்ளினார். விரலை எடுக்கவில்லை.

தரை அதிர்ந்தது. பாட்சா நிமிர்ந்து யார் என்று பார்த்தார். தாளத்தில் ஒரு தட்டு தவறினார். நாற்பது வருடத்தில் முதல் தடவையாக இருக்கலாம் (இது என் ஊகம்).

5

ஜலஜாவுக்கு வேண்டிய முடிவு: "அரங்கமே எழுந்தது." பொய்யில்லை. டின்னர் ரெடி என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

இன்னொரு முடிவில் நசீமா அழுகிறார். மற்றொன்றில், "இதுக்குத்தானா அவ்வளவு வருஷம்?" என்று கேட்கிறார். இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். எது நடந்தது என்று எனக்குத் தெரியாது. நானும் பிரியாணி வரிசைக்கு வந்துவிட்டேன்.

சுவரைத் தாண்டி பேஸ் இன்னும் கேட்கிறது. நீங்கள் உள்ளே போய்ப் பாருங்கள். என் முறை வந்துவிட்டது.