இழுக்காதவன்

குழாய் என் கைக்கு வந்தபோது சலூன்காரர் தன் மச்சினனைத் திட்டி முடித்திருக்கவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது. கேட்பவன் போலத் தலையாட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் ஓட்டலாம். சலூனின் பின்னறையில் உடைந்த சுழல் நாற்காலி ஒன்று, ஸ்டூல்கள் இரண்டு, நடுவில் ஹூக்கா. அதன் தலையில் கரி சிவந்திருந்தது. எதிரே கம்பளக்காரர். ஹூக்கா அவருடையது, அவருடைய நாட்டிலிருந்து வந்தது. அங்கே இது இல்லாமல் நாலு பேர் கூடி உட்காருவதே கிடையாதாம். நம் பேச்சை வாடிக்கையாளர்களிடம் கற்றுக்கொண்ட மனிதர். அதனால் நலம் விசாரித்தால்கூட பேரம் பேசுவது போலத்தான் இருக்கும்.

அன்று காலையில்தான் டாக்டர் என் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இப்போதைக்குத் தப்பித்தீர்கள், இனி ஒரு இழுப்புகூடக் கூடாது என்றார். வழியெல்லாம் என் மனைவி அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். மாலையில் தையல் மிஷினை மூடிவிட்டு நான் செருப்பை மாட்டியதும் வாசலில் வந்து நின்றாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"சலூனுக்கு. சும்மா உட்கார்ந்துட்டு வரேன்."

"இழுக்காம அங்க என்ன வேலை உங்களுக்கு?"

அதுதான் என் பயமும். எங்கள் கூட்டத்தில் முன்பு எலக்ட்ரீஷியன் ஒருவர் இருந்தார். நிறுத்திவிட்டேன் என்றார், நல்லது என்றோம். அதற்குப் பிறகு குழாய் அவரைத் தாண்டிப் போனது. குழாயோடு பேச்சும் தாண்டிப் போயிற்று. யார் வீட்டு விசேஷத்துக்கோ தெரியாமல் வந்துவிட்டவர் போல உட்கார்ந்திருப்பார். பிறகு வரவில்லை. நாங்களும் போய்க் கூப்பிடவில்லை. நாள் முழுக்க ஊரார் அளவுகளோடும் மிஷின் சத்தத்தோடும் கிடக்கிறவன் நான். இந்தக் கொஞ்ச நேரமும் போய்விட்டால் என் வாய்க்குக் குண்டூசி கவ்வுவதைத் தவிர வேறு வேலை இருக்காது.

மச்சினன் கதை முடிந்துவிட்டது. இருவரும் என்னைப் பார்த்தார்கள். இழுத்தால் அடியில் தண்ணீர் குடுகுடுவென்று சத்தம் போட வேண்டும். போடாவிட்டால் குட்டு உடைந்துவிடும். சத்தம்தானே வேண்டும் என்று நினைத்தேன். இழுப்பதற்குப் பதில் ஊதினேன்.

சத்தம் வந்தது. கூடவே தண்ணீர் தண்டு வழியாக மேலேறி, புகையிலையை நனைத்து, கரியைச் சுர்ரென்று அணைத்தது. கம்பளக்காரரின் சட்டையெல்லாம் சாம்பல் தண்ணீர். ஊதக் கூடாது என்பது முதல் நாள் வந்தவனுக்கே சொல்லிக்கொடுக்கும் பாடம். நானோ வருஷக்கணக்கில் இழுத்தவன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"என்ன ஆச்சு உங்களுக்கு?" என்றார் கம்பளக்காரர்.

டாக்டர், படம், மனைவி, எலக்ட்ரீஷியன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "சொன்னா என்னையும் தாண்டிப் போயிடுவீங்கன்னு பயந்துட்டேன்." என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

சலூன்காரர் தலையைச் சொறிந்தார். "நானும் ரொம்ப நாளா இழுக்கலங்க. குழாயை வாய்கிட்ட வச்சுக்கிட்டு பேசியே ஓட்டிட்டிருக்கேன். உண்மையில என் மச்சினன் அவ்வளவு மோசமில்ல."

"அதான் புகையிலை குறையவே மாட்டேங்குது," என்றார் கம்பளக்காரர். "இன்னிக்கு நான் ஒருத்தனேதான் இழுத்திருக்கேன்."

எழுந்தார். ஹூக்காவைத் தூக்கிக்கொண்டு, தலை அலசும் தொட்டிப் பக்கம் போனார். கழுவி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார், இனி இந்த அறையில் கூடுவதற்கு ஒன்றுமில்லை என்று நினைத்தேன். சலூன்காரர் துண்டை எடுத்துத் தரையில் சிந்திய தண்ணீரைத் துடைத்தார்.

கம்பளக்காரர் நனைந்த புகையிலையைக் கொட்டினார். நிதானமாகக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றினார். திரும்பி வந்து அதே இடத்தில் வைத்தார். கரி வைக்கவில்லை, எதுவும் வைக்கவில்லை. உட்கார்ந்து குழாயை எடுத்து இழுத்தார். வெறும் காற்றுதான். தண்ணீர் குடுகுடுவென்றது.

"எனக்கும் வீட்டுல தினம் திட்டுதான்," என்று குழாயைச் சலூன்காரரிடம் கொடுத்தார்.

அப்பாடா என்றிருந்தது. காலையில் டாக்டர் தப்பித்தீர்கள் என்றபோதுகூட இப்படி இல்லை. சிரித்தேன், கண் கொஞ்சம் கலங்கியது, அந்தப் பழியைச் சாம்பலின் மேல் போட்டேன்.

முடி வெட்ட வந்த யாரோ திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். நெருப்பும் புகையும் இல்லாத ஹூக்காவைச் சுற்றி மூன்று பெரிய மனிதர்கள். "உட்காருங்க, இதோ வந்துடறேன்," என்ற சலூன்காரர், ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, குழாயைக் கையிலேயே வைத்துக்கொண்டு வாடகை கேட்கும் வீட்டுக்காரரைத் திட்ட ஆரம்பித்தார்.

நான் கையை நீட்டினேன். "பேசினது போதும், குடுங்க. என் முறை."