பக்கம் இருநூற்றுப் பதினேழு

...ஆயிரம், ஆயிரமேதான், நேற்று மாலைவரை தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதில் முரண்டு பிடித்த எண், இன்று நேர்காணலுக்குக் கிளம்பும்போது ஏறியிருக்கிறது, இதைவிட நல்ல சகுனம் வேண்டுமா, மருத்துவ ஆய்வாளர் சகுனம் பார்க்கிறாளா என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இந்தத் தாழ்வாரத்தில், மடியில் கோப்போடு, ஒரே ஒரு பேராசிரியர் பதவிக்காக உட்கார்ந்திருக்கும் மூன்று பேரில் யாருக்கு இருக்கிறது ஆயிரம்? எனக்கு மட்டும்தான். பெருமையாக இருக்கிறது, அதை எதற்கு மென்று முழுங்க வேண்டும்... நாற்பத்து மூன்று கட்டுரைகள் எழுதியிருக்கிறேன், அதில் ஒன்று, அவசரத்தில் எடை பார்க்க முடியாத குழந்தைக்குக் கையின் சுற்றளவை வைத்தே மருந்தளவு சொல்லும் கட்டுரை, அதைத்தான் ஆயிரம் பேர் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். பதினோரு வருஷத்துக்கு முன் டேப்பும் கையுமாக வார்டு வார்டாக அலைந்தபோது எனக்கு வைத்த பெயர் டெய்லரம்மா. வைத்தவர்கள் இப்போது மேடம் என்கிறார்கள். காலையில் தங்கையிடம் போனில் சொன்னேன். "ஆயிரம் பேரு படிச்சாங்களாக்கா? நீ எழுதி வெக்கிற சாமான் லிஸ்ட்டையே மாமா முழுசாப் படிக்க மாட்டாரே" என்றாள். வாய்க்கொழுப்பு. ஆனாலும் அவள் குரலிலும் பெருமை இருந்தது, எனக்குத் தெரியாதா.

அந்த ஆயிரமாவது ஆள் யார் என்று பார்ப்போமே, இன்னும் கூப்பிடவில்லையே... அவர் கட்டுரையைச் செல்போனில் திறக்கிறேன், கடைசியில் மேற்கோள் பட்டியலில் என் பெயர், கட்டுரையின் தலைப்பு, எல்லாம் சரி, பக்கம் இருநூற்றுப் பதினேழு. பதினேழா? என் கட்டுரை அந்த இதழில் இருநூற்று எழுபத்தொன்றாம் பக்கத்தில் அல்லவா இருக்கிறது, இந்தப் பதினேழை எங்கே பார்த்தேன்... ஐயோ, நான்தான், அடுத்த கட்டுரையில் என்னை நானே மேற்கோள் காட்டியபோது ஏழையும் ஒன்றையும் இடம் மாற்றித் தட்டியது நான்தான். அப்படியானால் இவர் அதைப் பார்த்து அப்படியே இறக்கியிருக்கிறார், மூலத்தைத் திறக்கவே இல்லை. இன்னொன்றைத் திறக்கிறேன், பதினேழு. அடுத்ததும் பதினேழு. பன்னிரண்டில் ஒன்பது. இதழின் பதினேழாவது என்கிற அந்த இருநூற்றுப் பதினேழாம் பக்கத்தில் இருப்பது பித்தப்பைக் கல்லைப் பற்றி யாரோ எழுதியது, ஒருவராவது போயிருந்தால் கல்லில் இடித்துக்கொண்டிருப்பார். சிரிப்பு வருகிறது, கூடவே வயிற்றெரிச்சலும். ஆயிரத்தில் எத்தனை பேர் என் வீட்டுக்குள் வந்தார்கள், எத்தனை பேர் வாசலோடு போனார்கள்? பதின்மூன்றாவதாகத் திறந்தது ஒரு செவிலியரின் ஆய்வேடு, சின்ன மருத்துவமனை, பக்கம் இருநூற்று எழுபத்தொன்று. அறுபத்து மூன்று குழந்தைகளின் கையை அளந்திருக்கிறார், வீங்கிய கைகளில் இந்த அளவு எடையைக் கூட்டிக் காட்டுகிறது, இரண்டாம் அட்டவணையைத் திருத்திப் பயன்படுத்தினோம் என்று எழுதியிருக்கிறார். சுருக்கென்றது. வீக்கத்தை நான் யோசிக்கவே இல்லையே... ஆனால் அடுத்த நொடியே நெஞ்சு நிமிர்ந்துகொண்டது, அட்டவணைவரை படித்து, டேப்பை எடுத்து, என் தப்பைப் பிடித்திருக்கிறாரே, இவர் ஒருவரே போதும் எனக்கு. உள்ளே இதைச் சொல்வேன், பதவி போனாலும் போகட்டும், குறையையும் சொல்வேன், படிக்காமல் மேற்கோள் காட்டுகிறவர்களை ஒரு பிடி பிடிக்கவும் பிடிப்பேன்.

பெயரைக் கூப்பிடுகிறார்கள். நீளமான மேஜை, ஐந்து பேர், நடுவில் குழுத் தலைவர், குழந்தை மருத்துவத்தில் பெரிய பேர், பார்த்ததும் எழுந்து கும்பிடலாம் போல இருக்கிறது. என் பட்டியலை விரல் வைத்துப் பார்க்கிறார். கேளுங்கள், தாக்கம் என்ன என்று கேளுங்கள், தயாராக இருக்கிறேன்... "நாப்பத்து மூணு பேப்பர்லயும் என்னோட பழைய கட்டுரையைச் சொல்லியிருக்கீங்கம்மா. மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம். அதுல எந்த இடம் உங்களுக்கு அவ்வளவு உதவுச்சு?" எந்த இடம்... என் ஆய்வு வழிகாட்டியின் கட்டுரையில் அது மேற்கோளாக இருந்தது, அதனால் என் முதல் கட்டுரையில் போட்டேன், முதலில் போட்டதால் அடுத்ததிலும், அப்படியே நாற்பத்து மூன்றும். இவர் கட்டுரையைக் கண்ணால் பார்த்ததே இல்லை. சோதிக்கிறாரா? இல்லை, முகத்தில் குறும்பு இல்லை, பேனாவை மூடி வைத்துவிட்டுக் கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார், உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார், இத்தனை வருஷத்தில் அதைப் படித்ததாக இவரிடம் ஒருவர்கூட வந்து சொல்லவில்லையோ...