லிஃப்டில் நின்ற ஒட்டகச்சிவிங்கி

பத்தொன்பது வருஷமாக அந்த ஒட்டகச்சிவிங்கி லிஃப்டுக்குள் கழுத்தை மடக்கிக்கொண்டே நின்றது.

விளம்பரப் படம் செய்யும் கம்பெனியில் அவளுக்கு அது முதல் வேலை. பகல் முழுக்கப் பற்பசைக்கு நுரை பொங்க வைப்பதுதான் பிழைப்பு. பக்கத்து நாற்காலிக்காரன் எதையும் ஆற அமரச் செய்பவன். அலுவலகமே அவனை ஆமை என்றது. அவன் அவளுக்கு வைத்த பெயர் அவசரம். ஆறு மணிக்கு மற்றவர்கள் கிளம்பியதும், இருவரும் நான்கு கம்ப்யூட்டர்களை இணைத்துத் தங்கள் சொந்த அனிமேஷன் படத்தை உருவாக்குவார்கள். மொட்டை மாடியைப் பார்க்க ஆசைப்பட்டு லிஃப்டில் ஏறும் ஒட்டகச்சிவிங்கியின் கதை. ஒரு ஃபிரேம் உருவாக நாற்பது நிமிடம். ஒரு விநாடிப் படத்துக்கு இருபத்துநான்கு ஃபிரேம். அறை அடுப்பங்கரை மாதிரிக் காயும். மழையில் நனைந்து வந்த நாள்களில் ஆமை தன் சாக்ஸை கம்ப்யூட்டரின் பின்பக்க அனல்காற்றில் உலர்த்துவான். காத்திருக்கும் நேரமெல்லாம் ஓயாத பேச்சு.

கடைசி இரண்டு நிமிடப் படம் மட்டும் பாக்கி. அதிலும் மூன்று வார வேலை முடிந்திருந்தபோது, ஒரு விளம்பரத்துக்கு இடம் போதவில்லை என்று ஆமை ஒரு டிஸ்க்கை அழித்தான். ஃபிரேம்கள் அதில்தான் இருந்தன. “நீ காப்பி எடுத்திருப்பேன்னு நினைச்சேன்” என்று விழித்தான். அவள் அப்படியே பையைத் தூக்கிக்கொண்டு போனவள்தான், திரும்பி வரவில்லை. அடுத்த மாதம் கம்பெனியையும் இழுத்து மூடிவிட்டார்கள்.

இப்போது அவள் மருத்துவமனை ஸ்கேன்களுக்கு மென்பொருள் எழுதும் நிறுவனத்தில் இருக்கிறாள். இணையம் வழியே கிளவுடில், படங்களை வேகமாகக் கணக்கிடும் ஜிபியூ சில்லுகளை வாடகைக்கு எடுத்து ஓட்டுவது அன்றாட வேலை. வீடு மாற்றும்போது படத்தின் மூலக் கோப்புகள் இருந்த பழைய டிஸ்க் கைக்கு வந்தது. மனசு கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்துவிட்டாள்.

பழக்கத்தில் கை, மென்பொருளைப் பொட்டலமாகக் கட்டி ஓட்டும் கண்டெய்னர் பக்கம் போனது. தேவையானதெல்லாம் உள்ளே தயாராக இருக்கும், கண்மூடித் திறப்பதற்குள் ஓடத் தொடங்கும். ஆனால் அது தன்னைத் தாங்கும் கம்ப்யூட்டரின் இயங்குதளத்தைத்தான் பங்குபோட்டுக்கொள்ளும். இவள் கோப்புக்கோ அந்தக் காலத்து விண்டோஸ் வேண்டும். அதனால் முதலில், கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் போன்ற விர்ச்சுவல் மெஷின் ஒன்றை எடுத்தாள். தனக்கென்று முழு இயங்குதளம் வைத்துக்கொள்ளும் அதில் பழையதையெல்லாம் ஏற்றிக் கோப்பைத் திறந்தாள்.

ஒட்டகச்சிவிங்கி வந்தது. உடம்பில் ஒரு புள்ளி இல்லை, சாம்பல் பூசியதுபோல் நின்றது. தோலை வரைந்தவன் ஆமை. அந்தப் படங்கள் அவனிடம்தான் இருந்தன.

பழைய சக ஊழியர் ஒருவரிடம் எண் வாங்கி அழைத்தாள்.

“ஹலோ, நீங்க... நான் பழைய ஆபீஸ்ல... பற்பசை நுரை...”

“அவசரமா?” என்றது அதே குரல்.

“புள்ளியைக் காணோம்.” நலம் விசாரிக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

“எல்லாம் பத்திரமா இருக்கு. ஒரு மணி நேரம் கொடுங்க, தேடி அனுப்பறேன்.”

“உங்க ஒரு மணி நேரம்னா எனக்குத் தெரியாதா?”

இரண்டு மணிக்குத்தான் அனுப்பினான். வீட்டு வரைபடம் போடும் அலுவலகத்தில் இருக்கிறானாம். தலை பாதி வழுக்கை. வீடியோ அழைப்பில் அவன் பார்க்கப் பார்க்க, அவள் கோப்பைப் புதிய மென்பொருளுக்கு மாற்றி, ஜிபியூ உள்ள எட்டுக் கண்டெய்னர்களை ஓடவிட்டாள். பழைய விண்டோஸ் இனித் தேவையில்லை என்பதால் இந்த வேலைக்கு அவைதான் சரி.

“ஒரு ஃபிரேமுக்குப் பத்து செகண்ட்” என்றாள்.

“சும்மா கதை விடாதீங்க.”

ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. படபடவென்று கண்டெய்னர்களை அழித்துவிட்டு, சேமிப்பிடத்தைத் திறந்தாள். காலி. மூடி மறுபடியும் திறந்தாள்.

“என்ன ஆச்சு?”

“போச்சு. கண்டெய்னரை அழிச்சா உள்ள இருக்கறதும் சேர்ந்து போயிடும். வெளியில தனி ஸ்டோரேஜ் இணைச்சிருக்கணும், மறந்துட்டேன். ஆபீஸ்ல எல்லாருக்கும் இதைப் பாடம் எடுக்கறவளே நான்தான்.”

ஆமை சிரிக்கவில்லை. அதுவே அவளைக் குத்தியது.

“அன்னிக்கு உன்னை நல்லாத் திட்டிட்டு, உட்கார்ந்து மறுபடியும் ஓட்டியிருக்கணும்” என்றாள். “அப்படியே போயிருக்கக் கூடாது.”

“நீ போனப்புறம் நான் தனியா ஓட்டிப் பார்த்தேன். முப்பது ஃபிரேம் வந்துச்சு. பேச ஆளில்ல. விட்டுட்டேன்.”

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். பிறகு ஸ்டோரேஜை இணைத்து, ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்து, மறுபடியும் ஓடவிட்டாள்.

இந்த முறை எண்ணிக்கையை யாரும் பார்க்கவில்லை. அவனுடைய இரட்டைப் பெண்கள், அவள் மாமியாரின் முழங்கால், பழைய ஆபீஸ் மேனேஜரின் விக்கு என்று பேச்சு எங்கெங்கோ போனது. சட்டென்று மணி அடித்தது.

“அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?” என்றான். குரலில் ஏமாற்றம். அவளுக்கும் அதே ஏமாற்றம்தான்.

படத்தை ஓட்டினார்கள். லிஃப்ட் கதவு திறந்தது. ஒட்டகச்சிவிங்கி மொட்டை மாடியில் காலடி வைத்து, மெல்ல, மெல்லக் கழுத்தை நிமிர்த்தியது. தலை திரையின் மேல் விளிம்பைத் தாண்டிப் போயே போய்விட்டது.

“மூஞ்சியே தெரியலையே!” என்றான்.

“கேமராவைப் பின்னால தள்ளச் சொல்லி அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன்.”

“நீயா? சொன்னது நான்!”

வாடகை இயந்திரங்களை நிறுத்தப் போன அவள் கை, கேமரா இருந்த கோப்பைத் திறந்தது.

“சரி, நீதான் சொன்ன. எவ்வளவு தள்ளணும், சொல்லு.”