ஒன்றா, நாற்பதாயிரமா

...அப்படியென்றால் ஒரு பெட்டித் தேனீ ஒரு பிராணியா, நாற்பதாயிரம் பிராணியா, இதை யாரிடம் போய்க் கேட்பது, மொட்டை மாடிக்குப் போகும் கடைசிப் படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே அவள் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள், ஒரு கையில் அளவு டேப், இன்னொரு கையில் அட்டையில் செருகிய படிவம். பழைய விதி ஒற்றை வரி. ஒரு வீட்டில் நான்கு பிராணிகளுக்கு மேல் வளர்க்கக் கூடாது. எழுதியவர் நாயையும் பூனையையும் நினைத்து எழுதியிருப்பார், ஆட்டைக்கூட நினைத்திருக்கலாம், இந்த ஊரில் மாடிக்கு மாடி தேன் பெட்டி வைப்பார்கள் என்று அவர் கண்டாரா என்ன. இப்போது அதைத் திருத்தி எழுதும் வேலை மாநகராட்சி சட்டப் பிரிவில் கிளார்க்காக இருக்கும் இவள் தலையில் விழுந்திருக்கிறது. "பிராணில சேக்கறதா, பூச்சில சேக்கறதான்னு முடிவு பண்ணுங்கம்மா, ரெண்டு பக்கமும் மனு வந்து குவிஞ்சு கெடக்கு, ஒரு தடவை நேர்ல பாத்துட்டு வந்துடுங்க" என்று மேலதிகாரி சொன்னபோது தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள். நேரில்... பதினோரு வருஷத்தில் தெருநாய், கோழி, புறா என்று எத்தனை விதிகளைத் தட்டச்சு செய்திருப்பாள், அதில் ஒன்றையாவது நேரில் போய்ப் பார்த்திருக்கிறாளா? சேவல் எத்தனை மணிக்கு மேல் கூவலாம் என்று உட்பிரிவு எழுதியவள், சேவல் கூவி ஒரு நாளும் எழுந்ததில்லை.

பெட்டிக்காரர் லிஃப்ட் மெக்கானிக், அரை நாள் லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தார், சட்டையில் கிரீஸ் கறை, பெட்டிக்கு மட்டும் வெளிர் நீலத்தில் புதுப் பெயின்ட். "வாசலுக்கு நேரா நிக்காதீங்க மேடம், பக்கவாட்டுல வாங்க, அது அதுங்க போற வர்ற வழி" என்றார், ஏதோ வீட்டுப் பெண்கள் வேலைக்குக் கிளம்பும் நேரம் போல. அவள் டேப்பை இழுத்தாள். கைப்பிடிச் சுவரிலிருந்து பெட்டிக்கு எட்டடி நாலு அங்குலம். புது வரைவு பத்தடி என்கிறது. அவர் டேப்பைப் பார்த்தார், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார், மாடிக் கதவைப் பார்த்தார், நகர்த்த இடமில்லை என்பது அவளுக்கும் தெரிந்தது. பத்தடி யார் சொன்ன கணக்கு? இவளே போட்டதுதான், வேறு ஏதோ ஊர் விதியைப் பார்த்து, ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு வந்த தூக்கத்தில். இந்தத் தேனீக்கள் ஒரு நாளில் எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டாள். "ரெண்டு மைல், மூணு மைல் போகும் மேடம்." ரெண்டு மைல் போகிறதைப் பத்தடியில் நிறுத்தப் பார்த்தாளா... எழுதினாள், எட்டடி நாலு அங்குலம், எண் எண்ணாகவே இருக்கட்டும்.

அப்போதுதான் கீழ் வீட்டுப் பெண் மேலே வந்தாள், புகார் மனு கொடுத்தவள், மனுவின் கையெழுத்தைப் பார்த்து வயதானவள் என்று இவள் நினைத்திருந்தாள், இல்லை, முப்பது இருக்கும், தோளில் தொங்கிய பையை ஒரு கை விடாமல் பிடித்திருந்தது. "அண்ணன் நல்லவர்தான் மேடம். எங்க வீட்டு ஃபேன் சுத்தலேன்னாகூட அவர்தான் வந்து பாப்பார். அதுக்காக எம்பொண்ண விட்டுட முடியுமா?" மகளுக்கு ஐந்து வயது, போன வருஷம் ஒரே ஒரு கொட்டு, பத்து நிமிஷத்தில் முகம் வீங்கிக் கண் இரண்டும் மூடி, மூச்சு விட முடியாமல்... பையைத் திறந்து ஊசி மருந்தைக் காட்டினாள், எங்கே போனாலும் அது கூடவே வருமாம், ஜன்னல்கள் அன்று சாத்தியவை இன்றுவரை திறக்கவில்லையாம். அது இந்தப் பெட்டித் தேனீதானா என்று இவள் கேட்க நினைத்தாள், எப்படிக் கேட்பது, எந்தத் தாயிடம் கேட்பது. "அன்னைக்கு அவளத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவரும் இவர்தான்" என்றாள் கீழ் வீட்டுப் பெண். இதற்குப் படிவத்தில் எந்தக் கட்டம்? யார் பக்கம் எழுதினாலும் ஒருவர் வயிற்றெரிச்சல் நிச்சயம்...

சத்தம் மாறியது. அதுவரை இருந்தது ஒரு முனகல், பழைய ஃபிரிட்ஜ் போல, காது அதை மறந்தேவிட்டது, இப்போது அது ஏறியது, அடிவயிற்றில் கேட்டது, பெட்டி வாசலிலிருந்து தண்ணீர்க் குழாய் உடைந்தது போல அவை கொட்டத் தொடங்கின, ஒன்றின்மேல் ஒன்று உருண்டு, விழுந்து, எழுந்து, நிற்கவே இல்லை, ஒரு பெட்டிக்குள் இவ்வளவு எப்படி இருந்தன... "அசையாம நில்லுங்க ரெண்டு பேரும்" என்றார் மெக்கானிக், குரலை உயர்த்தாமல். "கூட்டம் பிரியுது. வயிறு நெறைய தேன் குடிச்சுட்டுக் கெளம்புதுங்க, இப்பக் கொட்டற புத்தி பெரும்பாலும் இருக்காது. பாப்பா எங்கம்மா?" "அவங்க அப்பாகூட உள்ள இருக்கா... ஜன்னல் சாத்திதான் இருக்கு, சாத்திதான் இருக்கு." ஆகாயம் தெரியவில்லை. வெயில் சல்லடை வழியாக விழுவது போல அவள் புடவைமேல், படிவத்தின்மேல், கீழ் வீட்டுப் பெண்ணின் முகத்தின்மேல் புள்ளி புள்ளியாக ஓடியது. ஒரு சிறகுக் காற்று கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனது, ஒன்றுகூட முட்டவில்லை, இவ்வளவு நெரிசலில் ஒன்றோடு ஒன்று மோதாமல், நம் பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் இப்படி நடப்பார்களா... பயப்பட வேண்டும் என்று தெரிந்தது, பயம் வரவில்லை, வேறு ஏதோ வந்தது, அதற்கு அவளிடம் வார்த்தை இல்லை, பிரசவ அறையில் மகளை முதல் முதலாக நெஞ்சில் கிடத்தியபோது இப்படித்தான் ஒன்று வந்தது, அன்றும் பெயர் வைக்கவில்லை.

மேகம் மெல்ல எழுந்து, சுவரைத் தாண்டி, தெருவோர மரத்தின் ஒரு கிளையில் இறங்கியது. முதலில் கை அளவு, பிறகு பூசணிக்காய் அளவு, பார்க்கப் பார்க்கப் பருத்தது, மேல்தோல் முழுக்க மூச்சு விட்டது. "பழைய ராணி மேடம்" என்றார் மெக்கானிக். "கட்டின வீடு, சேத்து வச்ச தேனு, எல்லாத்தையும் பொறக்கப் போற மகளுக்கு விட்டுட்டு, பாதிப் பேரக் கூட்டிட்டுக் கெளம்பிடும். இனிமே கொஞ்சம் பேர் போய் எடம் பாத்துட்டு வந்து சொல்லுவாங்க. எல்லாருக்கும் ஒத்துவந்தாத்தான் போவாங்க." குப்பைத் தொட்டியை எங்கே வைப்பது என்று மூன்று கூட்டம் போட்டும் ஒத்துவராத மாநகராட்சி மன்றத்தை நினைத்தாள், சமையலறைச் சாவியை இன்னும் இடுப்பிலிருந்து கழற்றாத மாமியாரை நினைத்தாள், வீட்டை விட்டுப் போவது பெரியவளா, சின்னவளா, நாம் மாற்றியல்லவா செய்துகொண்டிருக்கிறோம்... மணி பதினொன்று பத்துக்கு ஒரு கூட்டமாக இருந்தது இப்போது இரண்டு, என் கண் முன்னாலேயே, இதற்கு என்ன விளக்கம் எழுதுவது?

"எம்பொண்ணு தலைக்கு மேல இத்தன நாளா இவ்வளவா இருந்துது" என்றாள் கீழ் வீட்டுப் பெண். நடுக்கமா வியப்பா, குரலில் பிரிக்க முடியவில்லை. ஃபோனை எடுத்துக் கணவனைக் கூப்பிட்டாள். "அவள மரத்துப் பக்க ஜன்னலுக்குத் தூக்கிட்டு வாங்க. தெறக்காதீங்க. கண்ணாடி வழியாக் காட்டுங்க... தெரியுதா? என்ன சொல்றா?" கேட்டுவிட்டு ஃபோனைக் கீழே இறக்கினாள். பிறகு இவளிடம் சொன்னாள். "கண்ணாடியில கைய வச்சுட்டு நிக்கறாளாம். கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறாளாம்."

மெக்கானிக் காலிப் பெட்டியும் ஏணியும் எடுக்கக் கீழே போனார். "நான் மனுவ வாபஸ் வாங்க மாட்டேன் மேடம்" என்றாள் கீழ் வீட்டுப் பெண், மரத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "வாங்க வேண்டாம்மா" என்றாள் இவள். எழுத வேண்டும், எண்ணிக்கைக் கட்டம் காலியாகக் கிடக்கிறது, பேனா எங்கே என்று பார்த்தபோதுதான் தெரிந்தது, அது காலடியில் கிடந்தது, எழுதும் கை கீழ் வீட்டுப் பெண்ணின் கைக்குள் இருந்தது, இறுக்கமாக, இருவர் விரல்களும் வியர்த்து... எப்போது பிடித்தோம், நான் பிடித்தேனா, அவள் பிடித்தாளா, நான் யாருடைய கையையும் இப்படிப் பிடித்து எத்தனை வருஷம் இருக்கும். கையை எடுத்துக்கொள்ளலாம். அவளும் எடுத்துக்கொள்ளவில்லை.