சைரனின் நடத்தை

இடுப்பில் யாரோ கடப்பாரையை விட்டு நெம்புகிற மாதிரி இருக்கிறது என்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவான். கழற்றி முடிப்பதற்குள் மூன்று 'வலிக்குது' வந்துவிடும். சட்டையைக் கழற்ற நான்கு, உட்கார இரண்டு, உட்கார்ந்தவன் எழுந்திருக்க என்றால் கணக்கே கிடையாது. சிமெண்ட் கிடங்கில் ஒரு நாளைக்கு இருநூறு மூட்டை, பதினாறு வருடமாக. கூட மூட்டை தூக்குகிறவர்கள் அவனுக்கு வைத்த பெயர் சைரன். குனிந்தால் ஒரு தரம் ஊதும், நிமிர்ந்தால் இன்னொரு தரம் ஊதும்.

அவன் பெண்டாட்டிக்கும் ஒன்றும் இரும்பு உடம்பில்லை. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில், துவைத்த போர்வைகளை இயந்திரத்தின் வாயிலிருந்து உருவி எடுக்கிற வேலை. ஈரப் போர்வை பிணக் கனம் கனக்கும். மணிக்கட்டு இரண்டும் தெறித்தாலும் அவள் வாயைத் திறந்ததில்லை. திறந்தாலும் யார் கேட்பது? முதலில் இவன் ஊதி முடிக்க வேண்டுமே.

சலவையிலிருந்து தப்பிக்க ஒரே ஒரு வழி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கல்லூரியில் ஒரு சான்றிதழ் படிப்பு முடித்தால் வார்டு உதவியாளராகப் போகலாம். எல்லாத் தாளிலும் தேறிவிட்டாள், 'பொது உளவியல்' தவிர. அதில் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தாள். மூன்றாவது முறையும் போனால் படித்ததெல்லாம் தண்டம், சாகிற வரைக்கும் போர்வைதான்.

இந்தத் தடவை பாடம் எடுக்க வந்த மேடம் அவளைவிடப் பத்து வயது சின்னவள். முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டாள்: "மனசு, ஆசை, கவலை எல்லாம் வெளியில விட்டுட்டு வாங்க. எண்ண முடியாத எதுவும் இந்த அறைக்குள்ள கிடையாது." பாதி மதிப்பெண் பரீட்சைக்கு, மீதி ஐம்பது வீட்டில் செய்கிற பரிசோதனைக்கு. வீட்டில் ஒரு ஆள், அவரிடம் ஒரே ஒரு நடத்தை. அதை ஒரு வாரம் எண்ண வேண்டும், மூன்று வாரத்தில் மாற்ற வேண்டும், வரைபடம் போட வேண்டும். ஆளுக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் நடிப்பார்.

கூடப் படிக்கிற சின்னப் பிள்ளைகள் தம்பி நகம் கடிக்கிறதையும் அப்பா குறட்டையையும் எடுத்துக்கொண்டார்கள். இவள் எழுந்து நின்றாள்.

"மேடம், எங்க வீட்டுல ஒருத்தர் எப்பப் பாத்தாலும் வலிக்குது வலிக்குதுங்கறார். அதை எடுத்துக்கலாமா?"

"நெஜமாவே வலி இருக்கா?"

"அவருக்குப் பேச்சே அதுதான் மேடம்."

வகுப்பு சிரித்தது. மேடமும் சிரித்தாள். "வலியை எடுக்க முடியாது. அது உள்ள இருக்கு, எண்ண முடியாது. சொல்றது வெளியில வருது பாருங்க, அது நடத்தை. அதை எடுத்துக்குங்க."

மறுநாள் சலவைப் பிரிவில் பெருமை தாங்காமல் சொல்லிவிட்டாள். "எங்க வீட்டுக்காரர் நடத்தையை மாத்தப் போறேன்."

மடிக்கிற மேசையில் கைகள் நின்றன. "அடிப்பாவி, யாருடி அவ?" என்றாள் ஒருத்தி.

"அந்த நடத்தை இல்லக்கா. இது படிப்பு நடத்தை."

"எல்லாம் ஒண்ணுதான். இவ்வளவு முனகறவனுக்கு அந்த நடத்தைக்கு ஏது தெம்பு?" என்றாள் இன்னொருத்தி. அன்று முழுக்க இயந்திரச் சத்தத்துக்கு மேலே சிரிப்புக் கேட்டது.

முதல் வாரம் வெறுமே எண்ணினாள். சராசரி நாற்பத்தொன்று. இரண்டாம் வாரம் வேலையைத் தொடங்கினாள். 'வலி' என்று காதில் விழுந்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். வாய் திறக்கக் கூடாது. வேறு எதைப் பேசினாலும் கண்ணைப் பார்த்துச் சிரித்து, "அப்புறம்?" என்று கேட்க வேண்டும். பதினெட்டு வருடத்தில் அவள் அவனை "அப்புறம்?" என்று கேட்டதேயில்லை.

முதலில் எண்ணிக்கை ஏறியது. ஐம்பத்தெட்டு. "ஏண்டி, காது அடைச்சுப் போச்சா? வலிக்குதுங்கறேன், சுவத்தப் பாக்கறியே! சுவரா வந்து தைலம் தேய்க்கப் போவுது?" அவள் சுவரையே பார்த்தாள். ஏறிவிட்டுத்தான் இறங்கும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. புத்தகம் பொய் சொல்லவில்லை என்று சந்தோஷமாக இருந்தது. தைலப் புட்டியை எடுத்து அலமாரி மேலே போட்டாள்.

மூன்றாம் வாரம் அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. எதைச் சொன்னால் முகம் திரும்புகிறது, எதைச் சொன்னால் சிரிக்கிறது என்று நாய்க்குட்டிகூடக் கற்றுக்கொள்ளும். இவன் பாவம், சிரிப்புக்கு ஏங்கினவன்.

"இன்னிக்கு ஒரு கூத்து கேளு" என்றான் ஒரு சாயங்காலம். "எடது கால்ல செருப்பு கழண்டு விழுந்திருக்கு, எனக்குத் தெரியவே இல்ல. நூறு அடி ஒத்தச் செருப்போட நடந்திருக்கேன். பின்னால ஒருத்தன் எடுத்துட்டு ஓடி வரான்."

அதில் 'வலி' இல்லை. நோட்டில் குறிக்க ஒன்றுமில்லை. அவள் சிரித்தாள், நிஜமாகவே சிரித்தாள். "அப்புறம்?"

"அப்புறம் என்ன, தொடையக் கிள்ளிப் பாக்கறேன், வேற எவன் தொடையோ மாதிரி இருக்கு!"

அவனுக்கு அன்று இரண்டு முட்டை பொரித்துப் போட்டாள். அடுத்தடுத்த நாளெல்லாம் இடது காலைப் பற்றிய கதைகள்தான். ஆணி ஏறியது தெரியவில்லை. கொதிக்கிற தண்ணீர் கொட்டியது தெரியவில்லை. கதைக்குக் கதை அவள் சிரித்தாள், அவன் தட்டில் ஒன்று கூடுதலாக விழுந்தது. நான்காம் வாரக் கடைசியில் நோட்டில் பூஜ்யம், மூன்று நாள் தொடர்ந்து.

மேடம் வரைபடத்தைத் தூக்கி வகுப்புக்குக் காட்டினாள். "ஐம்பத்தெட்டுலேர்ந்து பூஜ்யம். பாத்துக்குங்க, இதான் பாடம்." எல்லோரும் கை தட்டினார்கள். சலவை நாற்றம் என்று அவள் பக்கத்தில் உட்காராத பெண்கூடத் தட்டினாள்.

அதற்கு அடுத்த புதன்கிழமை, லாரிக்கும் கிடங்குக்கும் நடுவே போட்ட பலகையில் அவன் இடது பாதம் துணி மாதிரி மடங்கியது. மூட்டையோடு விழுந்தான். அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஈரக் கையோடு ஓடி வந்து கட்டில் பக்கத்தில் நின்றாள்.

டாக்டருக்குச் சின்னப் பையன் வயசுதான் இருக்கும். "இடுப்புல வலி இருக்கா?"

சைரன் டாக்டரைப் பார்க்கவில்லை. பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தான். "இல்ல சார்."

"இதுக்கு முன்னாடி?"

மறுபடியும் அவள் முகம். "அதெல்லாம் எப்பவோ போயிடுச்சு சார். ஒரு கூத்து கேளுங்க, செருப்பு கழண்டதே தெரியாம..." சொல்லிவிட்டு, அவள் சிரிப்பதற்காகக் காத்திருந்தான். டாக்டர் சிரிக்கவில்லை. ஊசியை எடுத்து அவன் பாதத்தில் குத்தினார். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லுய்யா, வலிக்குதுன்னு சொல்லு" என்றாள் அவள். அவள் ஏதோ வலை விரிக்கிறாள் என்று நினைத்தவன் மாதிரி அவன் தலையை ஆட்டிச் சிரித்தான். "இல்லவே இல்ல."

டாக்டர் நிமிர்ந்தார். "நீங்க கொஞ்சம் வெளியில இருங்கம்மா."

திரைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள். உள்ளே டாக்டர் அதே கேள்வியை மறுபடி கேட்டார். பிறகு ஊதத் தொடங்கியது. மூன்று வாரத்தையும் சேர்த்து வைத்திருந்தவன் போல, இடுப்பிலிருந்து, தொடையிலிருந்து, பின்னங்காலிலிருந்து, அம்மா அம்மா என்று. தூங்கலை சார், வாயில துணிய வச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன் சார் என்றான். அவள் விரல்கள் தாமாக மடங்கி எண்ணின. முப்பத்தேழு வரைக்கும் எண்ணிவிட்டுக் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

டாக்டர் வெளியே வந்தார். "ஒரு மாசத்துக்கு முன்னாடி வந்திருந்தா காலைக் காப்பாத்தியிருக்கலாம். தண்டுவடத்துப் பக்கம் நரம்பு நசுங்கிக் கிடக்கு. இவ்வளவு வலிய வச்சுக்கிட்டு வீட்டுல ஒண்ணுமே சொல்லலையா?"

"சொல்லலை சார்" என்றாள் அவள். அது உண்மை. வரைபடம் இருந்தது.

அறுவை சிகிச்சை செய்தார்கள். பாதம் திரும்பவில்லை. கிடங்கு மேஸ்திரி ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, "சைரனுக்குச் சங்கு ஊதியாச்சு" என்று வாசலில் நின்று யாரிடமோ சொல்லிச் சிரித்தது உள்ளே கேட்டது. இனி அந்த வீட்டுக்கு அவள் சம்பளம் ஒன்றுதான்.

பரீட்சையைச் சுமாராக எழுதினாள். பரிசோதனை அறிக்கை திரும்பி வந்தது: ஐம்பதுக்கு நாற்பத்தாறு, சிவப்பு மையில். கூடவே, எல்லோருக்கும் கொடுத்த மாதிரி அவளுக்கும் ஒரு அச்சடித்த தாள். 'என்னிடம் செய்த பரிசோதனை முழுவதும் எனக்கு விளக்கிச் சொல்லப்பட்டது' என்று ஒரே வரி, கீழே கையெழுத்துப் போட இடம்.

"இது வந்தாத்தான் மார்க்கை ஏத்துவாங்க" என்றாள் மேடம். "உட்காந்து ஒரு அஞ்சு நிமிஷம் அவர்கிட்ட பேசிட்டு வாங்கிட்டு வாங்க. எல்லாரும் கேட்டுட்டு சிரிப்பாங்க. வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்கல்ல?"

"இருக்காங்க மேடம்."

அன்று வீட்டுக்குப் போய்க் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். தாளை மடியில் வைத்து, விரித்து, மறுபடி மடித்தாள்.

"என்னடி அது?"

"ஒரு கையெழுத்து வேணும்."

"எதுக்கு?"

அவள் வாயைத் திறந்தாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், அது எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று.

"பாஸ் பண்றதுக்கு" என்றாள்.

"குடு குடு. நீ பாஸானாத்தான் நமக்குக் கஞ்சி." பேனாவுக்காக ஒருக்களித்தான். நெற்றி வியர்த்தது, கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் வரவில்லை. படித்துப் பார்க்காமல், கோணல்மாணலாகத் தன் பெயரைப் போட்டுக் கொடுத்தான்.

அவள் தேறிவிட்டாள். வார்டில் சேர்ந்து நான்கு மாதமாகிறது. நோயாளிகளிடம் வலிக்கிறதா என்று கேட்டு எழுதுவது அவள் வேலைகளில் ஒன்று. வீட்டில் கட்டிலில் கிடக்கிறவனுக்கு மட்டும், அந்த மூன்று வாரம் அவனை என்ன செய்தாள் என்று உட்கார்ந்து சொல்ல வேண்டிய ஐந்து நிமிடத்தை அவள் இன்னும் கொடுக்கவில்லை.