ஹாசோவின் உறுமல்

ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் சுவாமிநாதனுக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று கிடையாது. இதைச் சொன்னவரும் அவர்தான். அகதி விண்ணப்பத்தில் எதை எழுத வேண்டும், எதை எழுதக்கூடாது, பல்வலிக்கு எந்த டொக்டர், ஜெர்மன்காரர் ஏன் ரயிலில் பேசுவதில்லை, எல்லாவற்றுக்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. பிழைப்புக்கு ஓர் இத்தாலிய உணவகத்தின் சமையலறையில் பாத்திரம் கழுவினார். பெருமைக்குத் தமிழர் கலைமன்றத்தின் துணைத்தலைவராக இருந்தார். தலைவர் நாற்காலியில் பலசரக்குக்கடை சோதிலிங்கம் பல வருடங்களாக அசையாமல் உட்கார்ந்திருந்ததால், துணையோடு திருப்திப்பட வேண்டியிருந்தது. சோதிலிங்கம் ஒரு பகிடி விட்டால் அது முடியும் முன்னரே சுவாமிநாதன் சிரித்துவிடுவார்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் மேல்மாடியில் குடியிருந்த ஜெர்மன்காரி ஃபிராவ் கிறேமருக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை வந்தது. தனியாக வாழ்ந்த அந்தக் கிழவிக்கு இருந்த ஒரே சொந்தம் ஹாசோ என்ற பெரிய அல்சேஷன் நாய். திரும்பி வரும்வரை அதைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று அவள் கேட்டபோது, சுவாமிநாதன் "கைன் புறொப்ளேம்", பிரச்சினையே இல்லை, என்று சொல்லிவிட்டார். ஒரு ஜெர்மன்காரியிடம் முடியாது என்று சொல்லுமளவுக்கு அவருக்கு இன்னும் பாஷை வரவில்லை.

அவருடைய மனைவி சுந்தரேஸ்வரி முதியோர் இல்லமொன்றில் துப்புரவு வேலை செய்பவள். நாயைக் கண்டதும் சீலையைத் தூக்கிக்கொண்டு சோபாவில் ஏறினாள். அடுத்த வாரமே அதற்குப் பருப்பும் சோறும் பிசைந்து ஊட்டினாள். ஹாசோவும் அவளுக்குப் பின்னால் வாலை ஆட்டிக்கொண்டு திரிந்தது. பகலில் அப்படி ஒரு சாதுவான பிராணியைக் காண முடியாது.

நித்திரை கொண்டால்தான் பிரச்சினை. அது விறாந்தையில் படுத்துக் கண்ணை மூடிக் கொஞ்ச நேரத்தில் அடித்தொண்டையிலிருந்து ஓர் உறுமல் கிளம்பும். உதடு மேலே சுருண்டு பல் தெரியும். கால்கள் நான்கும் இழுத்துக்கொள்ளும்.

"இஞ்சேருங்கோ, இது ஏன் உப்பிடி உறுமுது? வருத்தமோ தெரியேல்லை" என்று சுந்தரேஸ்வரி பயந்தாள்.

அவளுடைய வற்புறுத்தலில் நாயை மிருக வைத்தியரிடம் கூட்டிப்போனார்கள். வைத்தியர் ஓர் இளம்பெண். நாயின் வாயைத் திறந்து பார்த்தாள், வயிற்றை அழுத்தினாள், முதுகைத் தடவினாள். பிறகு சிரித்தாள்.

"கனவு காண்கிறது. பகலில் கண்டதையும் கேட்டதையும் நித்திரையில் திரும்ப ஓட்டிப் பார்க்கிறது. பூனையைத் துரத்தலாம், தபால்காரனோடு சண்டை பிடிக்கலாம். விழித்திருக்கும்போதும் தொட்டால் உறுமுகிறது என்றால் வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு அப்படி ஒன்றுமில்லை. ஆனால் உறுமும்போது தொட்டு எழுப்பாதீர்கள். பதறிப்போய்க் கடித்துவிடும். எட்ட நின்று பெயரைச் சொல்லி மெதுவாகக் கூப்பிடுங்கள்."

சுந்தரேஸ்வரிக்கு மனம் ஆறியது. சுவாமிநாதனுக்கோ இந்த விளக்கம் மிகவும் சின்னதாகப் பட்டது. அவருடைய வீட்டு நாய்க்கு இவ்வளவு சாதாரணமான காரணமா? திரும்பி வரும் வழியில், டிராமிலேயே, தன்னுடைய விளக்கத்தை அவர் கண்டுபிடித்துவிட்டார்.

"அந்த டொக்டர் மூடி மறைக்கிறாள். நீர் யோசிச்சுப் பாரும். பகல் முழுக்க இது ஏன் வாலாட்டுது? சோறு போடுறம். கண்ணை மூடினவுடனை உள்ளுக்கை கிடக்கிறது வெளியில வருது. இது ஜெர்மன் நாய். எங்களைப் பிடிக்கேல்லை."

"விசர்க்கதை கதையாதேங்கோ. நாய்க்கு ஆர் ஜெர்மன், ஆர் தமிழ் எண்டு தெரியுமே?"

"ஃபிராவ் கிறேமரும் இப்பிடித்தான். படியில கண்டா 'குட்டன் மோர்கன்' எண்டு சிரிக்கிறா. நித்திரையில என்ன சொல்லுறாவெண்டு ஆருக்குத் தெரியும்?"

"அந்த மனிசி நத்தார்ப் பண்டிகைக்கு எங்களுக்குக் கேக் தந்தது."

"அதுதான் வாலாட்டுறது எண்டுறன்!"

வேறொரு வருடமாக இருந்தால் இந்தக் கதையை எல்லோரும் சிரித்துத் தள்ளியிருப்பார்கள். அந்த வருடம் தொலைக்காட்சியைப் போட்டால் எங்கேயாவது வெளிநாட்டுக்காரரின் வீட்டை இனவெறியர்கள் எரித்த செய்தி வந்தது. கதவுக்குப் பக்கத்தில் வாளியில் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டுப் படுத்த தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. சுவாமிநாதனும் வைத்திருந்தார். வாளியைப் பற்றி அவர் வெளியில் மூச்சு விடவில்லை. நாயைப் பற்றிச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கலைமன்றத்தில் கதை சூடு பிடித்தது. பொருளாளர் யோசப் மன்னார்க்காரர், பக்திமான். நாய்க்குள் கெட்ட ஆவி இருக்கலாம், செபம் சொல்லிப் பார்க்கலாமென்றார். வேறொருவர், ஹிட்லர் காலத்து நாய்களின் பரம்பரை என்றார். தலைவர் சோதிலிங்கம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நேரில பாக்காமல் மன்றம் ஒரு முடிவும் எடுக்கேலாது" என்று தீர்ப்புச் சொன்னார். யாராவது சாப்பாட்டுக்குக் கூப்பிட வேண்டும் என்பது அதன் பொருள்.

சுவாமிநாதன் கூப்பிட்டார். ஞாயிறு மத்தியானம் செயற்குழு முழுவதும் வந்து இறங்கியது. ஆட்டுக்கறி, கத்தரிக்காய்க் குழம்பு, புட்டு, வடை. சுந்தரேஸ்வரி விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்றாள். திட்டம் எளிமையானது: எல்லோரும் சாப்பிடுவது, அதற்குள் நாய் நித்திரையாகிவிடும், பிறகு உறுமலைக் கேட்டு ஜெர்மன் இனத்தின் உள்மனதை அறிவது.

ஹாசோ நித்திரை கொள்ளவில்லை. ஆட்டெலும்பு வாசத்தில் எந்த நாய்தான் கண்ணை மூடும்? ஒவ்வொருவர் சாப்பாட்டுக் கோப்பையையும் பார்த்துப் பார்த்து வாலை ஆட்டியது. செயற்குழு பொறுமையோடு மென்றுகொண்டிருந்தது.

"இப்ப படுத்திடும். பொறுங்கோ, இப்ப படுத்திடும்" என்று சுவாமிநாதன் சோபாவில் சாய்ந்தபடி உத்தரவாதம் கொடுத்தார். முதல் நாள் உணவகத்தில் ஒரு கலியாணம். பின்னேரம் தொடங்கிய பாத்திரம் கழுவல் விடியும் நேரத்தில்தான் முடிந்தது. வயிற்றுக்குள் புட்டு இறங்கியதும் அவருடைய தலை மெல்லச் சரிந்தது. வாய் திறந்தது.

முதலில் உறுமலைப் போல ஒரு சத்தம். எல்லோரும் ஆவலோடு நாயைப் பார்த்தார்கள். நாயும் ஆவலோடு சோபாவைப் பார்த்தது.

"டேய் சோதிலிங்கம்" என்றார் சுவாமிநாதன், கண்ணை மூடியபடி, தெளிவாக.

சோதிலிங்கத்தின் கையில் எலும்பு அந்தரத்தில் நின்றது.

"மைக்கை விடடா, மூதேவி. ஏறினா இறங்கமாட்டாய். புழுப்பிடிச்ச பருப்பை விக்கிறனி, உனக்குத் தலைவர் பதவி கேக்குதோ?"

அவருடைய கால் ஒருமுறை உதைத்தது. பொருளாளர் யோசப் சிலுவை போட்டுக்கொண்டார். அவர் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார். "யோசப்பு" என்று அடுத்த உறுமல் வந்தது. "உன்ர மனிசி பாடத் தொடங்கினா நான் ஹோலுக்கு வெளியில போயிடுவன். கழுதை பரவாயில்லை."

யாரோ பாய்ந்து அவரை உலுப்பப் போனார். அடுப்படி வாசலில் நின்ற சுந்தரேஸ்வரி கையைக் காட்டித் தடுத்தாள்.

"தொடாதேங்கோ! பதறிக் கடிச்சாலும் கடிச்சிடும் எண்டு டொக்டர் சொன்னவ." பிறகு எட்ட நின்றபடியே மெதுவாகக் கூப்பிட்டாள். "இஞ்சேருங்கோ... இஞ்சேருங்கோ..."

சுவாமிநாதன் கண் விழித்தார். முழுச் செயற்குழுவும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு சந்தோஷமாக நிமிர்ந்தார்.

"என்ன, உறுமினதோ? கேட்டியளோ? நான் சொன்னது சரிதானே?"

"ஓம்" என்றார் சோதிலிங்கம், எலும்பைக் கோப்பையில் வைத்துவிட்டு. "வடிவாக் கேட்டம். நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. உள்ளுக்கை கிடக்கிறதுதான் வெளியில வருது."

பாயசம் குடிக்க ஒருவரும் நிற்கவில்லை. கடைசி ஆள் படியிறங்கியதும் சுந்தரேஸ்வரி நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னாள். சுவாமிநாதன் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார். வெளியே வரும்போது அவரிடம் புதிய விளக்கம் தயாராக இருந்தது. அடுத்த மன்றக் கூட்டத்தில் எழுந்து நின்று, நித்திரையில் எழும் சத்தங்களுக்கு எந்த அர்த்தமும் கிடையாது, இது ஜெர்மன் வைத்திய விஞ்ஞானம் ஆராய்ந்து கண்ட உண்மை, தானே ஒரு நிபுணரோடு நேரில் கலந்துரையாடியதுண்டு என்று நீளமாகப் பேசினார். கூட்டம் முடிந்ததும் கதிரைகளை அடுக்கும் பொறுப்பை அவருக்குக் கொடுத்தார்கள்.

ஃபிராவ் கிறேமர் புது இடுப்போடு திரும்பி வந்தாள். உறுமலைப் பற்றி சுந்தரேஸ்வரி தயங்கித் தயங்கிக் கேட்டபோது அவள் வியப்போடு பார்த்தாள். "எப்போதும் உறுமும். என் புருஷனும் உறுமுவார், அவர் இராணுவத்தில் இருந்தவர். இரண்டு பேருக்கும் நடுவில் நான் நன்றாகத் தூங்கினேன்." புருஷன் என்ன சொல்லி உறுமுவார் என்று சுந்தரேஸ்வரி கேட்கவில்லை. ஹாசோ மேல்மாடிக்கு ஏறிப் போயிற்று.

அதற்குப் பிறகுதான் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது, அதுவும் சுவாமிநாதன் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து. முதலில் யோசப்பின் மனைவி. "அக்கா, குறை நினையாதேங்கோ. என்ர பாட்டைப் பற்றி அவர் வேற ஏதும் சொன்னவரோ?" பிறகு ஒவ்வொருவராக முழுச் செயற்குழுவும். சுவாமிநாதன் ஊர் விஷயமெல்லாம் அறிந்தவர் என்று அவரே சொல்லித் திரிந்ததை இப்போதுதான் அவர்கள் நம்பினார்கள். கடைசியில் சோதிலிங்கமே ஒரு பெட்டி மாம்பழத்தோடு வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, என்ர பருப்பு நல்ல பருப்பு. அந்தப் பழைய சரக்குக் கதை வேற ஒருத்தருக்கும் தெரியாது. அதைப் பற்றியும் நித்திரையில..."

சுந்தரேஸ்வரிக்கு எந்தப் பழைய சரக்கும் தெரியாது. மாம்பழத்தை வாங்கி வைத்துக்கொண்டாள்.

"நான் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லமாட்டன் அண்ணை" என்றாள் மிகவும் மரியாதையாக.

வருடாந்தக் கூட்டத்தில் செயலாளர் பதவிக்கு அவள் பெயரை முன்மொழிந்தவர் சோதிலிங்கம். வழிமொழிந்தவர் யோசப். எதிர்த்துப் போட்டியிட எவருக்கும் துணிவில்லை. அவள் எடுத்த முதல் தீர்மானம், கலைவிழாவுக்கு இனிமேல் ஆண்கள் சமைக்க வேண்டும் என்பது. அதுவும் ஏகமனதாக நிறைவேறியது. அந்த வருடம் செயற்குழு வரிசையாக நின்று ஆட்டிறைச்சி ரோல்ஸ் சுற்றியது. பாதிக்கு மேல் எண்ணெய்க்குள் வெடித்துப் போயிற்று. மிச்சத்தை விருந்தினர்கள் சாப்பிட்டார்கள், நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்கள்.