ஒத்தைக்கால் கைலாசம்

கால் ஒடிந்ததில் கைலாசத்தின் தப்பு எதுவும் இல்லை. அவன் பாட்டுக்குச் சைக்கிளில் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தான். ஐயம்பேட்டைப் பக்கமிருந்து தலைதெறிக்க வந்த தனியார் பஸ்தான் இடித்து, முழங்காலுக்குக் கீழே எலும்பை இரண்டாக்கியது. புத்தூர் கட்டு போடலாம் என்றார்கள் உறவுக்காரர்கள். அவன் பெண்டாட்டி வடிவாம்பாள் யார் பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். எக்ஸ்ரே எடுத்து, தொடைவரை மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு வந்த வம்பெல்லாம் அவன் வாய் இழுத்துவிட்டது.

தறியில் ஒரு கல்யாணப் புடவை பாதியில் நின்றது. காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகளை மாற்றி மாற்றி மிதித்தால்தான் தறி ஓடும்; மாவுக்கட்டுக் காலோ மடங்கவே மடங்காது. முகூர்த்தம் நெருங்கவே, வடிவு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குழியில் இறங்கினாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கரை இழை ஓட நாடா போட்டவள், அவளுக்கா வேலை தெரியாது? அவள் இடத்துக்குப் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். கைலாசம் கட்டிலில் படுத்தபடி குறை சொன்னான்.

புடவையை வாங்கிப்போக வந்த முதலாளி பிரித்துப் பார்த்து அசந்துபோனார். "கால இப்பிடி வெச்சிக்கினு எப்பிடிப்பா முடிச்ச?"

வடிவு அடுப்பங்கரையில் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இவன் கொஞ்சம் யோசித்திருக்கலாம். "ஒத்தக் காலாலேயே மிதிச்சி நெஞ்சிட்டேங்க" என்றான்.

ஊரே பேசியது. டீக்கடை தாவீது தினமும் வீடு தேடி இலவச டீ அனுப்பினான். 'ஒத்தைக்கால் கைலாசம்' என்று பட்டமே வந்துவிட்டது. நிஜம் தெரிந்த பக்கத்து வீட்டுப் பெண்ணையும் வடிவு வாய் திறக்கவிடவில்லை. அன்றிலிருந்து குழம்பில் உப்பு மட்டும் குறைந்தது. கேட்டால், "எனக்குச் சரியாத்தான் இருக்குது" என்பாள்.

கட்டைப் பிரித்த டாக்டர், எலும்பு கூடிவிட்டாலும் மிதியில் கால் வைக்கப் பல மாதம் ஆகும் என்றார். அதுவரை வீட்டில் உலை கொதிக்க வடிவின் கூலி மட்டும் போதாது, நஷ்டஈடும் வேண்டும். பஸ்காரர்மேல் வழக்கு போட்டார்கள்.

விசாரணையன்று தெருவில் பாதிப் பேர் கோர்ட்டில் இருந்தார்கள். பஸ்காரருடைய வக்கீல், தாவீதைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்.

"கால் ஒடிஞ்ச பிறகும் இவர் வேலை செஞ்சாரா?"

"செஞ்சாருங்க. ஒத்தக் காலாலேயே கல்யாணப் பொடவ நெஞ்சாரு. காஞ்சிபுரத்துல வேற எவனுக்கும் வராதுங்க." நண்பனுக்குப் பெரிய நல்லது செய்துவிட்ட பெருமையோடு தாவீது கைலாசத்தைப் பார்த்தான்.

"அப்புறம் ஏது நஷ்டம்?" என்று வக்கீல் சிரித்தார்.

"இது உண்மையா?" என்று நீதிபதி கைலாசத்தைக் கேட்டார். ஆமாம் என்றால் பணம் போச்சு. இல்லை என்றால் இத்தனை பேர் முன்னால் மானம் போச்சு. கடைசி பெஞ்சில் வடிவு தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அவனைக் காட்டிக்கொடுக்க அவள் ஒருநாளும் வாய் திறக்கமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். அதை நினைத்தபோதுதான் நிஜமாகவே வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நான் நெய்யலீங்க, என் சம்சாரம் நெஞ்சா. நான் கட்டில்ல படுத்துக்கினு அவள அதட்டிக்கினு இருந்தேன். கேட்டவங்ககிட்டல்லாம் நாந்தான்னு பொய் சொல்லிட்டேன்."

கோர்ட்டே கொல்லென்று சிரித்தது. வடிவு மட்டும் சிரிக்காமல் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

வக்கீல் விடவில்லை. "எப்படியானாலும் கூலி அந்த வீட்டுக்குத்தானே வந்தது?"

"அது அந்த அம்மாவோட கூலி. இவரோட கூலி எங்கே?" என்றார் நீதிபதி. வக்கீல் காகிதங்களைப் புரட்டினார். தீர்ப்பு கைலாசம் பக்கம் வந்தது.

வாசலில் தாவீது முறைத்தான். "இனிமே டீ அக்காவுக்குத்தான். நீ காசு குடுத்துக் குடி."

சாயங்காலம் வடிவு குழியில் இறங்கி உட்கார்ந்தாள். கைலாசம் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா போட்டான்.

"கர தப்புது. பாத்துப் போடுங்க" என்றாள் அவள்.

அவன் இழையைப் பிரித்து மறுபடி போட்டான். அன்று ராத்திரி குழம்பில் உப்பு சரியாக இருந்தது.